யாவ்னே பள்ளியின் பிள்ளைகள்



ஆகஸ்ட் 9ஆம் நாள் சிலுவையின் புனித தெரேசா பெனடிக்டாவின் திருநாள். எடித் ஸ்டெயின் என்ற பெயரில் அவரைப் பலரும் அறிவோம். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஆசிரியையாகப் பணியாற்றியவர், 1933இல் ஜெர்மனியின் கொலோன் நகரக் கார்மேல் மடத்தில் சேர்ந்தவர், 1942இல் அவுஷ்விட்சில் கொல்லப்பட்டவர். ஆண்டுதோறும் அவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் வாழ்ந்த அதே ஊரில், அதே ஆண்டுகளில் நடந்துவந்த ஒரு யூதப் பள்ளிக்கூடத்தைப் பற்றி நாம் பேசியதே இல்லை. இன்று அதைப் பேசலாம்.

அந்தப் பள்ளியின் பெயர் யாவ்னே. 1919இல் தொடங்கப்பட்டது. நம் விவிலியத்தில் மக்கபேயர் நூலில் யாம்னியா என்று வருகிறதே, அந்த ஊரின் பெயர்தான். கி.பி. 70இல் உரோமையர் எருசலேம் கோவிலை இடித்துத் தள்ளிய பிறகு, யோகனான் பென் சக்காய் என்ற ரபி அந்தச் சிற்றூரில்தான் திருச்சட்டம் கற்பிக்கும் கூடத்தை அமைத்தார். கோவில் போயிற்று, படிப்பாவது மிஞ்சட்டும் என்ற எண்ணம். பள்ளிக்கு இந்தப் பெயரைத் தேர்ந்தவர்கள், இருபதே ஆண்டுகளில் அதற்கு என்ன பொருள் வரப்போகிறது என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

1929இல் எரிக் கிளிபான்ஸ்கி என்பவர் தலைமையாசிரியர் ஆனார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. நான்கு ஆண்டுகளில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். 1933 ஏப்ரலில் வந்த சட்டம், ஜெர்மன் உயர்நிலைப் பள்ளிகளில் புதிதாகச் சேரும் யூத மாணவர் எண்ணிக்கையை நூற்றுக்கு ஒன்றரை என்று சுருக்கியது. மற்றப் பள்ளிகளில் தனி பெஞ்சில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைகள், நேற்றுவரை கூட விளையாடியவன் பேசாமல் போனதால் அழுத பிள்ளைகள், யாவ்னேயில் வந்து சேர்ந்தார்கள். வகுப்பறைகள் நிரம்பி வழிந்தன. அங்கே மட்டும் அவர்கள் மற்றப் பிள்ளைகளைப்போலச் சாதாரணப் பிள்ளைகளாக இருக்க முடிந்தது.

1938 நவம்பரில் ஒரே இரவில் நாடு முழுவதும் தொழுகைக்கூடங்கள் எரிந்தன. பள்ளியை அடுத்திருந்த தொழுகைக்கூடமும் சூறையாடப்பட்டது. அடுத்த வாரமே யூதப் பிள்ளைகள் எவரும் ஜெர்மன் பள்ளிகளில் காலடி வைக்கக் கூடாது என்று ஆணை வந்தது. கிளிபான்ஸ்கி ஒரு முடிவுக்கு வந்தார்: பள்ளியை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் இங்கிலாந்தில் வைத்துவிட வேண்டும். ஒரு தலைமையாசிரியர் இப்படி நினைப்பதை நினைத்துப் பாருங்கள். கட்டடத்தை அல்ல, பிள்ளைகளை, ஆசிரியர்களை, பாடத்திட்டத்தை.

அந்நாளில் பெற்றோர் இல்லாமல் தனியே வரும் பிள்ளைகளை இங்கிலாந்து ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 10,000 பிள்ளைகள் அப்படித் தப்பினார்கள். யாவ்னேயிலிருந்து 1939 ஜனவரி முதல் குழுகுழுவாக ஏறத்தாழ 130 பேர் சென்றார்கள். யாரை முதலில் அனுப்புவது, யாரைக் காத்திருக்கச் சொல்வது? நம் பள்ளியில் சேர்க்கைப் பட்டியல் ஒட்டும் நாளில் பெற்றோர் முகங்களைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பட்டியலை எழுதியவரின் இரவுகளைப் பற்றி நமக்கு எதுவும் சொல்லத் தெரியவில்லை.

அப்படிப் போனவர்களில் 13 வயதுச் சிறுவன் ஒருவன். ஒற்றைப் பிள்ளை. வேறொரு நாட்டில், தெரியாத மொழியில், மற்றப் பையன்களோடு விடுதியில் வளர்ந்தான். போர் வந்தபின் பெற்றோருக்கும் பிள்ளைக்கும் நேரான கடிதப் போக்குவரத்து இல்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக 25 சொற்கள் எழுத அனுமதி உண்டு. சாப்பிட்டாயா, நன்றாகப் படி, நாங்கள் நலம். ஒரு தாய் தன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை 25 சொற்களில் எண்ணி எண்ணி எழுதினாள். பிறகு அதுவும் நின்றது.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் கிளிபான்ஸ்கியின் திட்டமும் நின்றது. அவர், மனைவி மேத்தா, மூன்று மகன்கள், எஞ்சிய பிள்ளைகள், சில ஆசிரியர்கள், எல்லாரும் கொலோனில் அகப்பட்டுக்கொண்டார்கள். வகுப்புகள் தொடர்ந்தன. 1942 ஜூன் கடைசியில் ஜெர்மனியில் எஞ்சியிருந்த எல்லா யூதப் பள்ளிகளும் மூடப்பட்டன. ஜூலை 20ஆம் நாள், கொலோனின் டாய்ட்ஸ் நிலையத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏற்றிக்கொண்டு ஒரு ரயில் புறப்பட்டது. கிளிபான்ஸ்கி குடும்பம் அதில் இருந்தது. அவருடைய மாணவர்கள் பலர் இருந்தார்கள். அந்தச் சிறுவனின் அப்பாவும் அம்மாவும் அதே ரயிலில் இருந்தார்கள். ஜூலை 24 அன்று மின்ஸ்க் நகருக்கு அருகே, மாலி திராஸ்தியெனெட்ஸ் என்ற இடத்தில், காட்டுக்குள் எல்லாரையும் கொன்றார்கள். பெற்றோர் எங்கே, எப்படி இறந்தார்கள் என்பது அந்த மகனுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரியவந்தது.

டாய்ட்ஸ் நிலையம் ரைன் ஆற்றின் ஒரு கரையில். எதிர்க்கரையில் கொலோன் பேராலயம். பெத்லகேமுக்கு வந்த மூன்று ஞானிகளின் திருப்பண்டம் 1164 முதல் அங்கேதான் வணங்கப்பட்டுவருகிறது. ஞானிகள் வேறு வழியாய்ப் போன பிறகு பெத்லகேமில் என்ன நடந்தது என்பதை டிசம்பர் 28 தோறும் வாசிக்கிறோம். இராகேலின் அழுகையையும் வாசிக்கிறோம். கொலோன் கத்தோலிக்கர்கள் நிறைந்த நகரம். பயணப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர், ரயில் கதவை மூடியவர், பக்கத்து வீட்டு மேசை நாற்காலியை ஏலத்தில் எடுத்தவர், இவர்களில் பலர் ஞாயிறு திருப்பலிக்குப் போனவர்கள். நம்மைப்போல. இதைச் சொல்லக் கசக்கிறது. ஆனால் நம் தாத்தா பாட்டி காலத்தில் பெரிய வெள்ளி மன்றாட்டில் யூதர்களைப் பற்றி வந்த கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23ஆம் யோவான் 1959இல்தான் எடுத்தார். யூதர்கள் மீது கிறிஸ்துவின் சாவுக்கான பழியை ஒட்டுமொத்தமாகச் சுமத்தக் கூடாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் அறிவித்தது. அப்போது யாவ்னே பள்ளி மூடிக் கிடந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பள்ளிக் கட்டடம் குண்டுவீச்சில் அழிந்தது. அது இருந்த இடத்துக்கு இன்று எரிக் கிளிபான்ஸ்கியின் பெயர். அங்கே ஒரு நீரூற்று உண்டு; அதன் மேல் யூதாவின் சிங்கம். அதைச் செதுக்கிய ஹெர்மன் குர்ஃபிங்கல், இங்கிலாந்துக்குத் தப்பிய யாவ்னே மாணவர்களில் ஒருவர். நீரூற்றைச் சுற்றியுள்ள வெண்கலத் தகடுகளில், கொலோனிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் கொண்டுபோகப்பட்ட 1,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள், வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது வாசிப்பதுபோல, வரிசையாக இருக்கின்றன.