வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தல்: பொறுமையும் மரியாதையும்

மட்டக்களப்புக்கு ஆங்கிலக் கல்வி வந்து இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. 1814 இல் இங்கு வந்த மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ட் ஆரம்பித்த பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் உருவானது. இரண்டும் நகரத்தில், புளியந்தீவில் இருக்கின்றன. வாவியின் மேற்கே படுவான்கரையில் நிலைமை வேறு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அந்தத் துறையில் படகுப் பாதையில்தான் வாவியைக் கடந்தார்கள்.

தூரத்தை விடப் பெரிய தடை போர். 1990 இலும் 2006–2007 இலும் இடம்பெயர்ந்த பிள்ளைகள் பலருக்குப் படிப்பு இடையில் அறுந்தது. ஆங்கிலம் படிப்படியாக ஏறும் பாடம். ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடப் பாடம் காதில் விழும், மனதில் ஏறாது. அன்று படிப்பை இழந்தவர்கள் இன்று பெற்றோர். பிள்ளையின் ஆங்கிலக் கொப்பியைப் பார்த்து உதவ அவர்களில் பலரால் முடியாது.

இதன் விலை பரீட்சைப் புள்ளியோடு நிற்பதில்லை. வெளிநாட்டுப் பிரதிநிதி ஒருவர் வரும்போது, காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றி ஒரு தாய் தமிழில் அழுது சொல்வதை இன்னொருவர் இரண்டு வரியில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்துவிடுகிறார். தன் துயரம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று அந்தத் தாய்க்குத் தெரியாது. நமது கதையை நாமே சொல்ல ஆங்கிலம் வேண்டும்.

வெட்கம் என்ற தடை

தரம் 3 முதல் சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்த பிள்ளை வாய் திறக்கத் தயங்குவதற்கு முதல் காரணம் வெட்கம். தென்னிலங்கைப் பல்கலைக்கழகச் சிங்கள மாணவர்கள் ஆங்கிலத்துக்கு வைத்த பட்டப்பெயர் ‘கடுவ’, அதாவது வாள். தெரிந்தவர் தெரியாதவரை வெட்டுகிற கருவி என்பது பொருள். ‘இஸ்கூல்’ என்று சொன்ன பிள்ளையைப் பார்த்து வகுப்பே சிரிக்கும்போது அந்த வாள்தான் வீசப்படுகிறது. ஒருமுறை வெட்டுப்பட்ட பிள்ளை பிறகு பேசாது.

எனவே கேள்வி கேட்ட பின் ஆசிரியர் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். பிள்ளை கேள்வியைத் தமிழில் விளங்கி, பதிலைத் தமிழில் யோசித்து, பிறகுதான் ஆங்கிலத்தில் தேடும். பிழையாகச் சொன்னால் ‘பிழை’ என்று நிறுத்தாமல், அதே வசனத்தைச் சரியாகத் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடரலாம். பிள்ளை சரியானதைக் கேட்டுவிடும், அவமானமும் இராது.

தமிழே ஏணி

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் தண்டிப்பது கூடாது. தமிழ் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான், ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ஒலிகள். ஆனால் ‘தம்பி’ என்று சொல்லும்போதே இரண்டாவது ஒலி பிள்ளையின் வாயில் வந்துவிடுகிறது. அவ்வாறே ‘தங்கை’, ‘வண்டு’, ‘மஞ்சள்’ என்ற சொற்களிலும் ஆங்கிலத்துக்குத் தேவையான ஒலிகள் உண்டு. ‘உனக்கு இது ஏற்கெனவே தெரியும்’ என்று தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

வசன அமைப்பும் அப்படியே. ‘நான் இறால் வாங்கினேன்’ என்பது ஆங்கிலத்தில் ‘நான் வாங்கினேன் இறால்’ என்ற ஒழுங்கில் வரும். மூன்று அட்டைகளில் எழுதி இடம் மாற்றிக் காட்டினால் போதும். தோணி, வலை, வயல், சந்தை என்று பிள்ளை தினமும் காண்பவற்றிலிருந்து சொற்களைத் தொடங்கலாம்.

‘எனது குடும்பம்’

எல்லா வகுப்புகளிலும் வரும் கட்டுரை இது. தந்தை என்ன தொழில் செய்கிறார் என்ற வரி இதில் கட்டாயம் இருக்கும். போரில் தந்தையை இழந்த வீடுகளும், தாய் மத்திய கிழக்கில் வேலை செய்யும் வீடுகளும் உள்ள ஊரில் இந்த வரி பிள்ளையை வகுப்பு முன் நிறுத்திக் காயப்படுத்தக்கூடும். ‘என்னை வளர்ப்பவர்’ அல்லது ‘எனது ஊர்’ என்று எழுதும் வாய்ப்பையும் கொடுத்தால் இலக்கணம் ஒன்றும் குறையாது. சொல்ல விரும்பும் பிள்ளை சொல்லட்டும், யாரையும் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம்.

வெளியிலிருந்து வரும் தொண்டர் ஆசிரியர்களுக்கும் சில விடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர் முன் பிள்ளை தலை குனிவது மரியாதை, அக்கறையின்மை அல்ல. ‘நீ’யும் ‘நீங்கள்’உம் ஆங்கிலத்தில் ஒரே சொல்லாவதால் ஆசிரியரை அப்படி அழைக்கப் பிள்ளை கூசும். அதை முதல் வாரத்திலேயே விளக்கிவிடலாம்.

பாடநூல் தன் வாழ்வைப் பேசாதபோது மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த சுரேஷ் கனகராஜா பதிவு செய்திருக்கிறார். அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் தமது சினிமாவையும் போராட்டத்தையும் எழுதியும் வரைந்தும் வைத்தார்கள். அதை ஒழுங்கீனமாகப் பார்க்காமல், தம் அடையாளத்தை விடாமல் ஆங்கிலம் கற்க முயல்வதாக அவர் வாசித்தார். அவரது நூல் 1999 இல் வெளிவந்தது.

இந்த வழிக்கு நமக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் மட்டக்களப்பின் ஆங்கிலப் பாடசாலைகளில் படித்தவர். ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு வைத்து ‘மதங்க சூளாமணி’ எழுதியவரும், பின்னர் ‘யாழ் நூல்’ தந்தவரும் அவரே. ஆங்கிலம் கற்றதால் அவர் தமிழை விட்டு விலகவில்லை. கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்தா இன்றும் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறது.