தேசப்படமும் பார்வைத் தூரமும்

ஓர் ஊரை அறிந்துகொள்வதற்கு எவ்வளவு தூரத்தில் நின்று அதனைப் பார்த்தல் வேண்டும்? கல்முனைக் கடற்கரையில் நிற்பவருக்குக் கரைவலை இழுப்போரும், மணலில் ஏற்றி வைத்த தோணிகளும், அப்பால் நெருங்கி நிற்கும் வீடுகளும் தெரியும். வடக்கே மருதமுனையும் தெற்கே சாய்ந்தமருதும் நிந்தவூரும் ஒரே கரையில் எவ்வாறு அமைந்துள்ளன என்பது அவருக்குத் தெரியாது. அதனைக் காணத் தேசப்படம் வேண்டும். ஆயின், தேசப்படத்தை விரித்த கணமே தோணியும் வீடும் மறைந்துவிடுகின்றன. ஒன்றைக் காட்ட மற்றொன்றை மறைப்பது படத்தின் இயல்பு.

இக்காலத்தில் கணினித் திரையில் தேசப்படத்தைப் பார்ப்போர் மூன்று செயல்களைச் செய்கின்றனர். படத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகின்றனர், அணுகியும் விலகியும் பார்க்கின்றனர், வேண்டியவாறு திருப்புகின்றனர். இவை கணினியோடு பிறந்த புதுமைகள் போலத் தோன்றினும், இவற்றின் வேர்கள் மிகப் பழையன.

அறபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி, சிசிலித் தீவை ஆண்ட இரண்டாம் ரொஜர் மன்னருக்காக 1154ஆம் ஆண்டில் உலகப்படமொன்றை நிறைவு செய்தார். அவர் அறிந்த உலகை ஏழு வலயங்களாகவும், ஒவ்வொரு வலயத்தையும் பத்துத் துண்டுகளாகவும் பிரித்து எழுபது படங்களாக வரைந்தார். நமது தீவும் சரந்தீப் என்னும் பெயரோடு அதில் இடம்பெற்றது. அப்படத்தில் தெற்குத் திசையே மேலே இருந்தது. இக்காலத்துப் படங்களில் பழகியவர் அதனைத் தலைகீழாகத் திருப்பியே பார்க்க நேரும். துண்டிலிருந்து துண்டுக்குக் கண்ணை நகர்த்துவதும், திசையை மாற்றிப் பார்ப்பதும் அன்றே இருந்தன. ஆனால், அளவை மாற்றும் உரிமை மட்டும் பார்ப்பவருக்கு இல்லை. வரைந்தவர் தேர்ந்த தூரமே பார்ப்பவரின் தூரமாயிற்று.

இலங்கையிலும் நெடுங்காலம் நிலைமை அதுவே. ஆங்கிலத் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1800ஆம் ஆண்டில் நில அளவைத் திணைக்களத்தைத் தோற்றுவித்தார். அத்திணைக்களம் பிற்காலத்தில் வெளியிட்ட படங்களுள் பெயர் பெற்றது, மைலுக்கு ஓர் அங்குலமென வரையப்பட்ட தொகுதியாகும். ஒரு சதுர மைல் நிலம் அதில் ஒரு சதுர அங்குலத்தில் அடங்கிற்று. ஊர் ஒரு தாளின் ஓரத்தில் விழுந்துவிட்டால், அடுத்த தாளைத் தேடி எடுத்து இரண்டையும் பொருத்திப் பார்க்க வேண்டும். இன்னும் அணுகிப் பார்க்க விரும்புவோர் வேறோர் அளவில் வரைந்த படத்தைப் பெறவேண்டும்.

இக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது கணினி. அமெரிக்காவில் ஐவன் சதர்லாந்து என்னும் ஆய்வாளர் 1963ஆம் ஆண்டில் திரையின்மீதே வரைவதற்கான ஒரு முறையை வெளியிட்டார். முழுப் படத்தில் எப்பகுதி, எவ்வளவு பெரிதாகத் திரையில் தோன்றவேண்டும் என்பதை நான்கு குமிழ்களைத் திருகி அவர் முடிவு செய்தார். நாற்பதாண்டுகளுக்குப் பின், 2005ஆம் ஆண்டில், கூகுள் நிறுவனத்தின் தேசப்படம் இணையத்தில் வந்தபோது அவ்வசதி எல்லோர் கைக்கும் எட்டியது. இத்தகைய படங்களில் முதற்படியில் உலகம் முழுவதும் ஒரே சதுரம். ஒவ்வொரு படி அணுகும்போதும் ஒவ்வொரு சதுரமும் நான்காகப் பிரிகிறது. இத்ரீசியின் எழுபது துண்டுகள் இங்கே கோடிக்கணக்காயின.

இந்த அணுகலும் விலகலும் வெறும் வசதியல்ல என்பதைக் கல்முனைக் கரை பெருந்துயரின் வழியே அறிந்தது.

2004 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கிற்று. அங்கிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் கடந்து, சுமார் இரண்டு மணி நேரத்தில் பேரலை நமது கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் அம்பாறையே மிகுதியான உயிர்களை இழந்தது. மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். கரையில் நின்றவர் கண்ணுக்குச் சுமாத்திரா தெரியவில்லை. விலகி நின்று வங்கக் கடல் முழுவதையும் பார்ப்பவருக்கே அதற்கும் நமக்கும் இடையில் திறந்த கடல் கிடப்பது புலனாகும்.

அடுத்த ஆண்டில் அரசாங்கம் கரையோரத்தில் ஓர் எல்லையை வகுத்தது. மேற்கிலும் தெற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் அழிந்த வீடுகளை மீண்டும் கட்டலாகாது என்பது விதி. உயிர்காக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால், அந்த 200 மீற்றரைப் படத்தில் பாருங்கள். ஐம்பதாயிரத்துக்கு ஒன்று என்னும் அளவில் அது நான்கு மில்லிமீற்றர். பத்து இலட்சத்துக்கு ஒன்று என்னும் அளவில் பேனாக் கோட்டின் தடிப்பு. கணினிப் படத்தின் பத்தாம் படியில் ஒரு புள்ளிக்குச் சற்றே அதிகம். பதினெட்டாம் படிக்கு இறங்கினாலோ அதே தூரம் முந்நூறு புள்ளிகளுக்கு மேல் விரிகிறது. கூரைகளும் ஒழுங்கைகளும் மதில்களும் தனித்தனியே தோன்றுகின்றன. சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் கடலுக்கும் மேற்கிலுள்ள வயல்களுக்கும் இடையே கிடைப்பது ஒடுங்கிய குடியிருப்பு நிலமே. அங்கே அக்கோட்டுக்குள் அகப்பட்டவை வெற்று மணலல்ல, குடும்பங்களின் வளவுகள். கடலை விட்டு எங்கே போய்க் குடியிருப்பது, தோணியை எங்கிருந்து காப்பது என்னும் வினாக்கள் எழுந்தன. 2005ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வெல்லை தளர்த்தப்பட்டு, இடத்துக்கு இடம் வேறுபடும் எல்லைகள் கொள்ளப்பட்டன.

இதிலிருந்து நாம் பெறும் பாடம், அணுகிய பார்வையே உண்மை என்பதன்று. ஒழுங்கையை மட்டும் பார்த்தவர் அலை வரும் திசையை அறியார். கடலை மட்டும் பார்த்தவர் ஒழுங்கையில் வாழ்வோரை அறியார். முன்னாளில் படம் வரைந்தவர் ஒரு தூரத்தைத் தெரிந்தெடுத்து நம்மிடம் தந்தார். இந்நாளில் எல்லாத் தூரங்களும் நமது விரல் நுனியில் உள்ளன. ஆதலால், பிறர் வாழ்விடத்தின்மீது கோடு போடத் துணிபவர் எவராயினும், அக்கோட்டைப் போடுமுன் ஒரு முறை விலகிக் கடலையும், ஒரு முறை அணுகி வீட்டு வாசலையும் பார்க்கக் கடமைப்பட்டவராவர்.