பழைய கேம் ஏன் ஓட வேணும்?

1999இல் வந்த 'ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2' சீடியை விண்டோஸ் 7இல் போட்டால் புல் ஊதாவாகும், தண்ணி சிவப்பாகும். கேமுக்கு இருந்தது 256 நிறங்களின் ஒரே பட்டியல். டெஸ்க்டொப்பும் அதிலேயே கைவைத்தது. டாஸ்க் மனேஜரில் எக்ஸ்ப்ளோரரை நிறுத்திப்போட்டுத் தொடங்கினால் சரிவரும்.

2019 மறுபதிப்புக்கு இந்தப் பாடு இல்லை. பிறகு ஏன் பழசோட மல்லுக்கட்டுறம்?

பழசில் 13 நாகரிகங்கள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து ஒன்றுகூட இல்லை. 2013இல் 'இந்தியர்' வந்தார்கள், 2022இல் 'திராவிடர்': ராஜேந்திர சோழன், திரிசடைக் கப்பல். புதுசை மட்டும் விளையாடுபவர்களுக்கு நாம் எப்பவும் உள்ளே இருந்தமாதிரித்தான் தோன்றும். விடுபட்டிருந்ததற்குச் சாட்சி பழைய சீடிதான்.

புதுசிலயும் எல்லாம் இல்லை. எங்கட திருகோணமலையில், பெரியகுளத்துக்குப் பக்கத்தில், வெல்கம் விகாரை சோழர் காலத்தில் 'ராஜராஜப் பெரும்பள்ளி' ஆனது. விளக்கும் மாடும் கொடுத்த தானத்தைத் தமிழிலேயே கல்லில் வெட்டினார்கள். தமிழ்ப் பௌத்தமும் சோழர் வரலாறுதான். போரை வைத்து ஓடும் கேமுக்குள் அது வராது. அதை நாங்கள்தான் போய் வாசிக்க வேணும்.