குன்மமும் கிருமியும்

செரியாமை, புளியேப்பம், மேல்வயிற்றெரிவு, உண்டபின் நோவு ஆகியவற்றை நம் முன்னோர் குன்மம் என்னும் பெயரால் அறிந்தனர். சித்த மருத்துவ நூலார் அதனை எண்வகையாகப் பகுத்துரைத்தனர். இந்நோய்க்குக் காரணம் யாது என ஆராய்ந்தோர் வரலாற்றில் தமிழகத்தின் தென்கோடிக்குச் சிறப்பானதோர் இடமுண்டு.

1922ஆம் ஆண்டில் எவரெஸ்ற் மலையேறச் சென்ற ஆங்கிலக் குழுவினருள் ஒருவர் தியோடர் ஹோவாட் சமர்வெல் என்னும் சத்திர வைத்தியர். மலையினின்று மீண்ட அவர், அந்நாளில் திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்த நெய்யூரின் இலண்டன் மிசன் மருத்துவமனையைக் காண வந்தார். நோயாளர் திரளையும் வைத்தியர் அருமையையும் கண்டு, இலண்டனிற் கிட்டவிருந்த உயர்பதவியை விடுத்து அங்கேயே பணிபுரியத் துணிந்தார். முன்சிறுகுடற் புண்ணால் வருந்தியோர் பெருந்தொகையினராய் அவரை நாடினர். அன்னோர்க்குச் சத்திரசிகிச்சை செய்து குணமளித்தலில் அவர் பெரும் புகழ் எய்தினார். ஏழை மக்களின் உணவிற் காணப்பட்ட சத்துக்குறையை இப்புண்ணின் ஏதுக்களுள் ஒன்றாக அவர் கருதினார். பின்னர் மைசூரிற் பணிபுரிந்த பிராங்கு தோவி என்பார், அரிசியுண்ணும் தென்னிந்தியாவில் இப்புண் மிக்கும் கோதுமையுண்ணும் வடமேற்கிற் குறைந்தும் இருத்தலை எடுத்துக்காட்டினார்.

1982இல் அவுஸ்திரேலிய அறிஞர்களான றொபின் வாறென், பரி மார்சல் என்போர் இரைப்பையில் வாழும் சுருள்வடிவக் கிருமியொன்றை வளர்த்துக் காட்டினர். பின்னர் அது ஹெலிக்கோபற்றர் பைலோறி எனப் பெயர் பெற்றது. 1984இல் மார்சல் அக்கிருமியைத் தாமே பருகி இரைப்பை அழற்சியுற்றார். 2005இல் நொபெல் பரிசு இருவரையும் அடைந்தது. கத்தி தீர்த்த நோயைச் சின்னாள் மருந்தே தீர்க்கும் காலம் பிறந்தது.

ஆயின், உணவு பற்றிய கருத்து அதனால் முற்றும் வீழ்ந்ததோ? இல்லை. உலக மக்களுள் ஏறத்தாழப் பாதியினரிடம் இக்கிருமி உறைந்ததெனக் கணிக்கப்பட்டது. அவருட் பெரும்பாலார் யாதொரு துன்பமும் அறியார். இந்தியாவில் புண் மிக்க பகுதியிலும் குறைந்த பகுதியிலும் கிருமி பரவலாகவே இருந்ததைத் தோவி பிற்காலத்திற் சுட்டினார். கிருமி ஒன்றே காரணமாயின், புண்ணும் எங்கும் ஒத்திருத்தல் வேண்டுமன்றோ? அரிசியே முதன்மையுணவாகவுள்ள இலங்கையில் நடந்த பல ஆய்வுகளிலோ, செரியாமையுற்றோரிடத்தும் இக்கிருமி இந்தியாவிலும் மிகக் குறைவாகவே காணப்பட்டது. கிருமியுடைய செரியாமையாளரிலும், புண் இல்லாதவிடத்து, அதனை ஒழித்தலால் நலம்பெறுவோர் ஒரு சிறு பகுதியினரே.

எனவே, செரியாமை கண்டவிடமெல்லாம் கிருமியுண்டெனக் கொள்ளுதல் பொருந்தாது. கிருமியை நோக்காதொழிதலும் தகாது. அது புண்ணுக்கேயன்றி இரைப்பைப் புற்றுநோய்க்கும் ஏதுவென 1994இல் உலக அறிஞர் குழு அறிவித்தது. சோதித்தறிந்த பின்னரே மருந்தளித்தல் முறையாம். நெய்யூரில் தொடங்கிய வினாவுக்கு ஒரு பாதி விடை கிடைத்தது. மறுபாதி உணவிலும் சூழலிலும் இன்னும் தேடற்பாலது.