பழைய எம்.ஜி. கார் ஒன்றைப் பார்க்கப் போன கதை

கடந்த ஆண்டு கோடையில் இலண்டன் சென்றிருந்தபோது, என் தங்கையின் மகன் ஒரு கோரிக்கையுடன் வந்தான். 1972ஆம் ஆண்டில் உருவான எம்.ஜி.பி. ரக விளையாட்டுக் கார் ஒன்று விலைக்கு வந்திருப்பதாகவும், வாங்குவதற்கு முன் நான் ஒருதடவை அதைப் பார்க்கவேண்டும் என்றும் கேட்டான். விலை ஒன்பதாயிரம் பவுண். ஐந்து ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். "நீங்கள்தானே மாமா பழைய கார்களோடை சீவிச்ச ஆள்" என்றான். நான் பத்திரிகையாளனேயன்றி மெக்கானிக் அல்லன். ஆயினும் அவன் கூற்றில் ஓரளவு உண்மை இருந்தது.

1990இல் போர் மீண்டும் வெடித்ததைத் தொடர்ந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் எரிபொருள் வருவது தடைப்பட்டது. பெற்றோல் போத்தல் கணக்கில் விற்கப்பட்ட காலம் அது. அப்போது எங்களைச் சுமந்தவை ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் முதலான கிழட்டு வாகனங்களே. காபரேற்றரில் சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினார்கள். அந்தப் பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால்தான் அவை மண்ணெண்ணெயைச் சகித்துக்கொண்டன. செய்தி சேகரிக்கப் போகும் நாட்களில் கொக்குவிலில் இருந்த ஒரு கராஜில் மணிக்கணக்காகக் காத்திருந்திருக்கிறேன். அங்கிருந்த முதிய மெக்கானிக் ஒருவர், எந்தக் கார் வந்தாலும் உரிமையாளருடன் பேசுவதற்கு முன் பொனற்றின் மீது உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். விற்க வந்தவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கிக் கொண்டுவந்தால், குளிரில் அது இயங்க மறுப்பதை மறைக்கிறார் என்பது அவர் கணக்கு.

எம்.ஜி.பி. காரின் எஞ்சின் அந்த வாகனங்களுக்கு அந்நியமானதன்று. 1947இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ40 டெவனின் 1200 சி.சி. எஞ்சினே பின்னர் 'பி' வரிசை என அறியப்பட்ட எஞ்சின் குடும்பத்தின் மூதாதை. கேம்பிரிட்ஜில் 1489 சி.சி. ஆகவும், எம்.ஜி.பி.யில் 1798 சி.சி. ஆகவும் அது வளர்ந்தது. இந்தியாவின் அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் ஓடியது இதே குடும்பம்தான். அதாவது, சீமான்களின் விளையாட்டுப் பொருளாகத் தோன்றிய அந்தக் காரின் இதயம் எங்கள் ஊர் வாடகைக் காருடையதே.

உடல்தான் வேறு. ஒக்ஸ்போட்டில் மொறிஸ் கராஜ் என்ற விற்பனை நிலையத்திலிருந்து பிறந்த எம்.ஜி. நிறுவனம், 1929இல் அபிங்டன் என்ற சிறு நகருக்குக் குடிபெயர்ந்தது. எம்.ஜி.பி.க்கு முன்னோடியான எம்.ஜி.ஏ. வரையில் அதன் இருவர் அமரும் திறந்த கார்கள் தனியான அடிச்சட்டத்தின்மீது உடலைப் பொருத்தியே கட்டப்பட்டன. 1962இல் வந்த எம்.ஜி.பி.யில் அடிச்சட்டம் இல்லை. தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டி உருவாக்கிய உடலே சட்டமாயிற்று. கூரை இல்லாத கார் ஆகையால், நடுவில் வளைந்துவிடாமல் அதைப் பெரிதும் தாங்கிப் பிடிப்பவை இரு கதவுகளின் அடியிலும் நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற தகட்டு அமைப்புகளே. வெளித்தகடு, நடுத்தகடு, உட்புறத்தில் இன்னொரு தகடு என அவை அடுக்கடுக்கானவை. முன் மட்காட்டின் உள்ளே சில்லு வீசும் சேறு தங்கி, ஈரம் காயாமல், குளிர்கால வீதி உப்பும் சேர்ந்து இவ்வடுக்குகளை உள்ளிருந்தே அரித்துவிடும். வெளியே பெயின்ற் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை இலண்டனுக்கு வெளியே ஒரு கிராமத்துக்குப் போனோம். சிவப்பு நிறக் கார். மருமகனின் முகத்தைப் பார்த்தபோது அவன் மனத்தளவில் அதை ஏற்கனவே வாங்கிவிட்டான் என்பது தெரிந்தது. நான் பொனற்றின்மீது கையை வைத்தேன், குளிர்ந்தே இருந்தது. விற்பவர் நேர்மையானவர் என்று அப்போதே எண்ணினேன். அந்த எண்ணத்தை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

எஞ்சின் முதல் முயற்சியிலேயே இயங்கியது. சூடேறிய பின் ஓட்டத்தில் எண்ணெய் அழுத்தம் ஐம்பது இறாத்தலுக்குமேல் நின்றது. கியர் சுகமாக விழுந்தது. 1967இன் இறுதிக்குப் பிந்திய கார் என்பதால் முதலாவது கியரும் உறுமாமல் ஏறியது; அதற்கு முந்தியவற்றில் கார் நின்றால்தான் ஒழுங்காக விழும். தகட்டில் பொறித்திருந்த இலக்கம் 'ஜி.எச்.என். 5' என்று தொடங்கியது, பத்திரத்திலும் அவ்வாறே. கம்பிச் சில்லுகளின் பற்கள் தேய்ந்திருந்தால் கார் கிளம்பும்போது 'டக்' என்றொரு ஓசை கேட்கும். அதுவும் கேட்கவில்லை.

பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், பெரிதாக மாற்றியமைக்கப்படாத நாற்பது வயது கடந்த கார்களுக்கு எம்.ஓ.ரி. எனப்படும் வருடாந்தப் பரிசோதனை கட்டாயமில்லை. ஓய்வூதியர்களுக்குக் காட்டும் சலுகை போன்றது என்று சிரித்தாலும், வாங்குபவருக்கு அது ஆபத்தான சலுகையே. இந்தக் காரின் இறுதிப் பரிசோதனை 2017இல் நடந்திருந்தது. மருமகன் அச்சிட்டு வந்த பதிவில் ஒரு குறிப்பு: அடிப்பகுதி முழுவதும் தடித்த கறுப்புப் பூச்சு.

செய்தியாசிரியராக இருந்த எனக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. காரின் கீழ் குனிந்து பார்த்தேன். தகடுகளின் விளிம்புகள் சேரும் கோடு தெரியவேண்டிய இடத்தில் தார் போன்ற பூச்சு மட்டுமே தெரிந்தது. உரிமையாளரின் அனுமதியுடன், தூக்குவதற்கென அமைந்த இடத்தில் ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்தினோம். உறுதியான உடல் என்றால் கதவு முன்போலவே திறந்து மூடும். இங்கே கதவின் மேல்விளிம்பில் இருந்த இடைவெளி எங்கள் கண்முன்னே குறுகியது, கதவு இறுகிவிட்டது. ஜாக்கியின் தலைப்பாகத்தில் துருத்தூள் உதிர்ந்தது.

உரிமையாளர் திகைத்துப்போனார். "புதுத் தகடு போடப் பணம் கொடுத்தேனே" என்று உள்ளே சென்று ஒரு கடதாசிக் கோப்பைக் கொண்டுவந்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆறு வருடங்களுக்கு முந்திய பற்றுச்சீட்டில் இரு பக்கமும் வெளித்தகடு மாற்றியதாக எழுதியிருந்தது. நடுத்தகடு பற்றியோ, உள்தகடு பற்றியோ ஒரு சொல்லும் இல்லை. உக்கியதன்மேல் புதியதை ஒட்டி, கறுப்புப் பூச்சால் மூடியிருக்கிறார்கள். ஏமாற்றப்பட்டவர் அவரே.

இந்தக் கார்களின் துரு வெறும் மழையால் வந்ததன்று என்பது என் அபிப்பிராயம். 1968இல் உருவான பிரிட்டிஷ் லேலண்ட், எம்.ஜி.பி.க்கு உரிய வாரிசை உருவாக்கவேயில்லை. அமெரிக்க விதிகளுக்கு இணங்க 1974இல் கறுப்பு றப்பர் பம்பரைப் பொருத்தி, காரையும் ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள். வளைவுகளில் அது தள்ளாடத் தொடங்கியது. அபிங்டன் தொழிற்சாலையின் ஐம்பதாம் ஆண்டு விழா 1979 செப்டெம்பரில் கொண்டாடப்பட்ட சூட்டோடு சூடாக, அங்கு உற்பத்தி நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. 1980 ஒக்டோபரில் தொழிற்சாலை மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகளில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமான எம்.ஜி.பி.கள் அங்கிருந்து வெளியேறியிருந்தன. விந்தை என்னவென்றால், 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே இக்காரின் முழு உடலும் புதிதாகத் தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலை மறைந்த பின்னும் கார் பிறந்துகொண்டிருந்தது எனலாம்.

மருமகன் வீடு திரும்பும்வரை பேசவில்லை. தங்கைதான் என்மேல் கோபித்துக்கொண்டாள், பிள்ளையின் ஆசையில் மண் போட்டுவிட்டேனாம்.

மூன்று மாதங்களின் பின் அவன் தொலைபேசியில் அழைத்தான். 1970ஆம் ஆண்டுக் கார் ஒன்று, நிறம் மங்கியது, இருக்கைகள் கிழிந்தவை. ஆனால் அடித்தகடுகள் மூன்றையும் வெட்டி மாற்றிய ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம் இருந்ததாம். ஏழாயிரத்துக்கு வாங்கிவிட்டான். நிறுத்திய இடத்தில் எண்ணெய் சொட்டுகிறது, என்ன செய்வது என்று கேட்டான். "தம்பி, கேம்பிரிட்ஜும் அப்பிடித்தான். கீழை ஒரு தட்டம் வை" என்றேன்.