இரண்டு சுற்று: சாந்தி ஓடிய காலம்

சாந்தி சௌந்தரராஜன் என்று தேடிப் பாருங்கள். முதலில் வருவது ஒரு மருத்துவச் சோதனை. அடுத்து வருவதும் அதுதான். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டர் வெள்ளி, சில நாட்களில் பதக்கம் பறிப்பு, அப்புறம் செங்கல் சூளை. இந்த மூன்று வரிக்குள் ஓர் ஓட்டக்காரரின் வாழ்க்கையை முடித்துவிடுகிறோம். அவருக்கு ஆதரவாக எழுதுகிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் அந்தப் பொண்ணு ஓடியிருக்கே, அதை யார் எழுதுறது?

கத்தக்குறிச்சி

புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது கத்தக்குறிச்சி. 1981இல் அங்கே ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் சாந்தி. அப்பா, அம்மா இருவரும் செங்கல் சூளைத் தொழிலாளிகள். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். பெற்றோர் வேலைக்குப் போனால் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணுக்கு. நம்ம ஊர்ல இதை யாரும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அவருக்கு முதலில் ஓடக் கற்றுக்கொடுத்தது பயிற்சியாளர் அல்ல, தாத்தா. அவரும் ஒரு காலத்தில் ஓடியவர். பேத்திக்குப் பதின்மூன்று வயதானபோது வீட்டுக்கு வெளியே இருந்த மண்தரையில் ஓடவிட்டார், ஷூ வாங்கித் தந்தார். எட்டாம் வகுப்பில் முதல் போட்டி, ஒரு தகரக் கோப்பை. அடுத்து பள்ளிகளுக்கு இடையிலான போட்டிகளில் வரிசையாகக் கோப்பைகள். பக்கத்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் அவரைக் கவனித்துத் தன் பள்ளியில் சேர்த்துக்கொண்டார். கட்டணம் கிடையாது, சீருடை இலவசம், மதியம் சூடான சாப்பாடு. மூன்று வேளையும் சாப்பிட்டது அப்போதுதான் முதல் முறை என்று பின்னாளில் சாந்தி சொல்லியிருக்கிறார்.

திறமையும் விடாமுயற்சியும் இருந்தால் போதும் என்று பேசுகிற மேடைகளில் இந்த மதியச் சாப்பாட்டைச் சொல்ல மாட்டார்கள். ஓட்டக்காரரின் உடம்பு சோற்றிலிருந்துதான் வருகிறது.

ஏன் 800?

400 மீட்டர் தடத்தில் இரண்டு சுற்று, அவ்வளவுதான். பார்க்கச் சுலபம். ஆனால் வேக ஓட்டக்காரருக்கு இது நீளம், தூர ஓட்டக்காரருக்கு இது அவசரம். முதல் சுற்றில் ஆசைப்பட்டு ஓடினால் இரண்டாவது சுற்றின் கடைசி நூறு மீட்டரில் கால் இரும்பாகிவிடும். அடக்கி ஓடினால் கூட்டத்துக்குள் மாட்டிக்கொள்வோம். முதல் வளைவு வரை அவரவர் கோட்டுக்குள் ஓட வேண்டும், அப்புறம்தான் உள்ளே வரலாம். 1986 சியோல் ஆசியப் போட்டியில் ஷைனி ஆபிரகாம் முன்னிலையில் ஓடியும் பதக்கத்தை இழந்தது, அந்தக் கோட்டைச் சீக்கிரம் தாண்டியதால்தான்.

அதே ஷைனி, ஷைனி வில்சனாக, 1995 டிசம்பரில் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 1 நிமிடம் 59.85 நொடியில் ஓடினார். இரண்டு நிமிடத்துக்குள் 800 மீட்டர் ஓடிய முதல் இந்தியப் பெண். அப்போது கத்தக்குறிச்சியில் சாந்திக்குப் பதினான்கு வயது, மண்ணில் ஓடிக்கொண்டிருந்தார். அந்தத் தேசிய சாதனையை முறியடிக்க 2010இல் டின்டு லூகா வர வேண்டியிருந்தது.

சென்னை

பள்ளி முடித்ததும் உதவித்தொகையில் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரி. அடுத்து சென்னையில் ஒரு கல்லூரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான கிராமத்து ஓட்டக்காரர்களின் பாதை இதுதான். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம், ஹாஸ்டல், மெஸ், செயற்கை ஓடுதளத்தில் பயிற்சி. மண்தரையில் கற்ற காலடியை அந்த ரப்பர் தரைக்கு மாற்றிக்கொள்ளவே நாள் பிடிக்கும்.

இன்று பெசன்ட் நகர் கடற்கரையிலும் மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் விடியற்காலையில் கையில் ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். நல்ல விஷயம்தான். ஆனால் இதே நகரத்தில் இன்னொரு வகை ஓட்டமும் உண்டு. அவர்களுக்கு ஓட்டம் ஆரோக்கியத்துக்கு இல்லை. ஒரு சான்றிதழுக்கு, அந்தச் சான்றிதழால் வரும் அரசு வேலைக்கு, அந்த வேலையால் ஊரில் ஒழுகாமல் நிற்கப்போகும் ஒரு கூரைக்கு.

2005இல் தென்கொரியாவின் இஞ்சியானில் நடந்த ஆசியத் தடகள சாம்பியன்ஷிப்பில் சாந்தி 800 மீட்டரில் வெள்ளி வென்றார். 2006 ஆகஸ்டில் கொழும்பில் தெற்காசியப் போட்டி, 1500 மீட்டரில் தங்கம். அந்த டிசம்பரில் தோஹா. எத்தியோப்பியாவில் பிறந்து பஹ்ரைனுக்காக ஓடிய மர்யம் யூசுப் ஜமால் 2:01.79இல் முதலில் வந்தார். சாந்தி 2:03.16. கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவா 2:03.19. வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவே ஒரு நொடியில் நூற்றில் மூன்று பங்கு. எல்லைக்கோட்டில் உடம்பை முன்னால் எறிந்து வாங்கிய வெள்ளி அது.

பெண் உடம்பும் இரண்டு சுற்றும்

அடுத்து நடந்தது தெரிந்ததே. அழைத்துப்போய்ச் சோதனை செய்தார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் யாரும் தன் மொழி பேசவில்லை என்றும், என்ன சோதனை என்று தனக்கு யாரும் விளக்கவில்லை என்றும் சாந்தி பல நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். முடிவை அவர் தெரிந்துகொண்டது தொலைக்காட்சிச் செய்தியில்.

இதைத் தனி ஒருவருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டமாக மட்டும் பார்க்க முடியாது. பெண்கள் 800 மீட்டருக்கு இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முதலாக இந்தத் தூரம் ஓடினார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே வென்றார். ஓடி முடித்தவர்கள் மூச்சு வாங்கியதைப் பார்த்த பத்திரிகைகள் ‘பெண் உடம்பு இதைத் தாங்காது’ என்று எழுதின. விளைவு, 1960 ரோம் வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டரே இல்லை. அன்றைக்குக் கேள்வி ‘பெண்ணால் இவ்வளவு ஓட முடியுமா?’ பிற்பாடு அதே தூரத்தில் கேள்வி தலைகீழானது: ‘இவ்வளவு ஓடினால் பெண்தானா?’

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் குரோமோசோம் சோதனை வந்தது. 1985இல் அதில் சிக்கிய ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினெஸ் பட்டினோ போராடி, 1988இல் ஓடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லாப் பெண்களுக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ஆனால் சந்தேகம் வந்தால் சோதிக்கலாம் என்ற வாசல் திறந்தே இருந்தது. சந்தேகம் யார் மேல் வரும்? சூளையில் கல் சுமக்கும் வீட்டிலிருந்து வந்த, ஒல்லியான, கறுத்த, ஆங்கிலம் பேசாத பெண் மேல்.

ஒரு எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். அநியாயமான சாதகம் உள்ளதாகச் சொல்லப்பட்ட அந்த உடம்பு தோஹாவில் ஓடிய நேரம், ஷைனி சென்னையில் ஓடியதைவிட மூன்று நொடிக்கு மேல் மெதுவானது.

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2019இல் அதே தோஹாவில் ஆசிய சாம்பியன்ஷிப் 800 மீட்டரில் தங்கம் வென்ற திருச்சிப் பக்கத்து கோமதி மாரிமுத்துவும் பதக்கத்தை இழந்தார். அது ஊக்கமருந்து விதியின் கீழ் வந்த நான்காண்டுத் தடை. அந்த விதி ஒருவரின் உடம்பில் என்ன சேர்ந்தது என்று கேட்கிறது. சாந்தியிடம் கேட்கப்பட்டது அவர் பிறந்த உடம்பையே. இரண்டையும் ‘சோதனையில் தோல்வி’ என்ற ஒரே சொல்லால் எழுதுவது பெரிய அநியாயம்.

பிறகு

சோதனைச் செய்தி வந்த பிறகும் முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாய் பரிசும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் தந்தார். அந்தப் பணத்தில் சாந்தி புதுக்கோட்டையில் பயிற்சி மையம் தொடங்கினார். 2007இல் மனம் உடைந்து உயிரை விடவும் துணிந்து, பிழைத்து வந்தவர் அவர். அவரிடம் பயின்ற பிள்ளைகள் சென்னை மாரத்தானில் பரிசு வாங்கினார்கள். பணம் தீர்ந்தது, ஒப்பந்த வேலை நிலைக்கவில்லை, 2012இல் சூளைக்கே திரும்பினார். 2016 இறுதியில்தான் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்றுநராக நியமித்தது.

இதற்கிடையில் ஒடிசாவின் டூட்டி சந்த் 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் அந்த விதிகளை நிறுத்திவைக்கச் செய்தார். 2018இல் புது விதி வந்தது, 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரை மட்டும். மறுபடி 800! தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா வெளியேறியது அப்படித்தான். 2025 செப்டம்பரிலிருந்து உலகப் போட்டிகளில் ஓட வரும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு முறை மரபணுச் சோதனை செய்துகொள்ள வேண்டும். 1999இல் கைவிட்டது வேறு பெயரில் வந்துவிட்டது.

அதனால்தான் சாந்தியின் தொடக்க காலத்தை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. இன்று ஏதோ ஒரு ஊரில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் முதல் கோப்பையை வாங்கிக்கொண்டிருப்பாள். அவளுக்குச் சாப்பாடு போட, ஷூ வாங்கித் தர, கல்லூரியில் இடம் பிடித்துத் தர நமக்குத் தெரியும். சாந்திக்கு அதைச் செய்தோம். நாளைக்கு ஒரு அறைக்குள் அவளைக் கூப்பிட்டால், அவள் மொழி பேசுகிற ஒருவர் கூடப் போவாரா என்பதுதான் கேள்வி. தோஹாவில் யாரும் போகவில்லை. பட்டியலில் அந்த வெள்ளி இன்றும் வேறொருவர் பெயரில்தான் இருக்கிறது.