சமையல் நூலும் சோதனையும்

சமையல் நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொள்வோர் சிலரே. ஆயினும், ஒரு காலத்து மக்கள் எதை நம்பினர், யார் சொல்லை ஏற்றனர் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. இறைச்சியை வாட்டுவது குறித்து ஐரோப்பியச் சமையல் நூல்களில் வேரூன்றிய ஒரு கருத்தின் வரலாற்றை இங்குக் காண்போம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயச் சமையற்காரர் இறைச்சியைக் கம்பியில் கோத்து, கனலுக்குச் சற்றுத் தொலைவில் சுழற்றி, உருகும் கொழுப்பை அதன்மீது வார்த்து மெல்ல வாட்டினர். இறுதியில்தான் கனலருகே கொணர்ந்து சிவக்கச் செய்தனர்.

1847-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் யுஸ்டஸ் ஃபான் லீபிக் இம்முறைக்கு மாறான கருத்தை வெளியிட்டார். தொடக்கத்திலேயே கடுஞ்சூடு பட்டால் இறைச்சியின் மேற்புறம் இறுகி, உள்ளே உள்ள சாற்றை வெளியேறாமல் காக்கும் என்றார் அவர். கூறியவரோ உலகப் புகழ் பெற்றவர். எனவே கருத்து விரைந்து பரவிற்று. இல்லத்தரசியர் விரும்பிக் கற்ற எலைசா ஆக்டனின் சமையல் நூல், 1855-ஆம் ஆண்டுப் பதிப்பில் லீபிக்கின் கொள்கையைத் தழுவியது. இறைச்சியை முதலில் சிவக்க வறுத்து, பின்னர்ச் சிறிதளவு நீரில் மூடி வேகவைக்கும் முறையை விளக்கிய பிரெஞ்சுச் சமையல் மேதை எஸ்கோஃபியேயும், 1903-இல் தம் பெருநூலில் இதே காரணத்தைக் கூறினார்.

1930-களில் எளிய சோதனைகள் நடந்தன. சமைப்பதற்கு முன்னும் பின்னும் இறைச்சியை நிறுத்துப் பார்த்தனர். முதலில் கடுஞ்சூட்டில் சிவக்க வைத்த துண்டும் சாற்றை இழந்தே இருந்தது. சட்டியில் இறைச்சி இடைவிடாது சீறுவது, அதன் நீர் வெளியேறுவதால் அன்றோ? அவ்வோசையைச் சமைத்தோர் யாவரும் கேட்டே இருந்தனர். எனினும் நூலின் சொல்லையே நம்பினர். 1984-இல் ஹரால்ட் மக்கீ எழுதிய நூல் இவ்வுண்மையை இல்லச் சமையலறைகளுக்கு எடுத்துச் சென்றது.

ஆயின், சிவக்க வறுக்கும் வழக்கம் வீணானதன்று. புரதப் பொருள்களும் சர்க்கரையும் சூட்டில் கூடி நிறமும் மணமும் தருவதைப் பிரெஞ்சு அறிஞர் மயார் 1912-இலேயே விளக்கியிருந்தார். சுவைக்காக வறுத்தல் சரியே; சாற்றைக் காக்கும் என்பதுதான் பிழை. வழக்கம் நிலைத்தது, அதற்குக் கூறிய காரணம் வீழ்ந்தது.

லீபிக் பேரறிஞர் என்பதில் ஐயமில்லை. எனினும் ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் அவர் சொல் நிலைத்தமைக்குக் காரணம், அதை யாரும் தராசில் இட்டுப் பாராமையே. சோதித்தற்கு எளிய செய்தியே நெடுங்காலம் சோதிக்கப்படாமல் இருந்துவிடக்கூடும் என்பதை மாணவர்கள் மனங்கொள்ள வேண்டும்.